வாழ்க்கையே புரண்டுபோன பிறகு, வாழ்வதற்கான பிடிப்பை எப்படித் திரும்பப் பெற்றீர்கள்?

நான் 19 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு விடுவது கழுத்தில் உள்ள துளை வழியாக. பேச வேண்டுமானால் சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும் ஒரு கருவியைக் கழுத்தில் அழுத்தி, உதட்டை அசைக்க வேண்டும். ஏற்ற இறக்கமில்லாத இயந்திரக் குரல் வரும்.

குரல் போய்விடும் என்று தெரிந்துதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். ஆனால் சூடான எதையும் இனி ஊதி ஆற்ற முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்த அன்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஊதினேன். காற்று கழுத்து வழியாகப் போனது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன், சத்தமே இல்லாமல்.

அப்புறம் பல மாதம் "இனிமேல் நான் எதற்கு?" என்ற ஒரே கேள்வி. பதில் கிடைத்தால் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 1942 முதல் 1945 வரை நாஜி முகாம்களில் அடைபட்டிருந்தவர். பெற்றோர், சகோதரர், மனைவி எல்லோரையும் அந்த முகாம்களில் இழந்தவர். வாழ்க்கையிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைவிட, வாழ்க்கை நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதே முக்கியம் என்றார் அவர். அதை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. குரலில்லாத ஒரு டீச்சரிடம் யார் என்ன எதிர்பார்ப்பார்கள்?

மாடி வீட்டுப் பையன் எதிர்பார்த்தான். ஆறாம் வகுப்பு. ஒருநாள் நோட்டோடு வந்து, "ஆன்ட்டி, இதுல எங்க தப்பு?" என்று நீட்டினான். 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான். நான் பேசவில்லை. இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் பிரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவன், "அட, துண்டெல்லாம் ஒரே அளவா இல்லையே!" என்றான். பழைய குரல் இருந்திருந்தால் நானே முந்திக்கொண்டு அதைச் சொல்லியிருப்பேன். மறுநாள் நாலரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அர்த்தம் கிடைத்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்களை ஒருவர் எதிர்பார்க்கும் ஒரு நேரம், நாளில் ஒன்றே ஒன்று போதும், அதை முதலில் உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் இல்லையென்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். நான் பார்த்தேன், மாத்திரையும் எடுத்துக்கொண்டேன்.

"எல்லாம் நன்மைக்கே" என்று சொல்பவர்களிடம் விவாதம் வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். பேரிடிக்குப் பின் வரும் மனவளர்ச்சியை 1990களில் ஆராய்ந்த டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களே, வளர்ச்சி அந்த இடியால் வருவதல்ல, அதோடு போராடுவதால் வருவது என்கிறார்கள். வலியும் கூடவே இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! வலிக்கிறது என்பதற்காக நான் தேறவில்லை என்று அர்த்தமில்லையே.

என் போனில் பழைய குரலோடு ஒரு வகுப்புப் பதிவு இருக்கிறது. இன்னும் அதைத் திறக்கவில்லை. இப்போது சாயங்காலம் நாலு பிள்ளைகள் வருகிறார்கள்.