மைக்ரோவேவ், நல்ல செல், புற்று செல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தஞ்சாவூரில் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மைக்ரோவேவ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கும்பகோணம் தங்கை: மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிய சோறு சாப்பிட்டால் புற்றுநோய் வருமா அண்ணா?

வராதும்மா. எக்ஸ்ரே டி.என்.ஏ.வை உடைக்கும், மைக்ரோவேவால் அது முடியாது. ஒரு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்க்கத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் போட்டானுக்கு, அதாவது அலையின் ஒரு ஆற்றல் துகளுக்கு, உண்டு. தண்ணீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடேற்றும், அவ்வளவுதான்.

மன்னார்குடி அன்பர்: அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி. மைக்ரோவேவ் ஊசியால் சுடலாம் என்கிறார்கள். நல்ல செல் சாகாதா சார்?

ஊசி முனையைச் சுற்றி இருப்பது எதுவானாலும் சாகும், நல்லது கெட்டது பார்க்காது. 60 டிகிரியைத் தாண்டினால் எந்த செல்லின் புரதமும் உறைந்துவிடும். அதனால்தான் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, கட்டியோடு சுற்றிலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் வேண்டுமென்றே சுடுகிறார்கள்; ஓரத்தில் நாலு புற்று செல் தப்பினாலும் திரும்ப வளரும். கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பலன் நன்றாக இருக்கும். பித்தக்குழாய், குடல் பக்கத்தில் இருக்கிறதா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

திருவாரூர் மாணவி: அப்படியென்றால் இரண்டு செல்லுக்கும் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது, குறைந்த சூட்டில் தெரியும். 40 முதல் 43 டிகிரி வரை ஏற்றினால் நல்ல சதையில் ரத்தம் வேகமாக ஓடி சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் தூர்ந்த வாய்க்கால் போலக் கோணல்மாணலாக இருப்பதால் சூடு அங்கேயே தங்கும். அங்கே ஆக்சிஜன் குறைவு, அமிலம் அதிகம், அப்படிப்பட்ட செல்கள் சூட்டைத் தாங்காது. உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் வேலையையும் சூடு கெடுக்கும், ஆகவே கதிர்வீச்சு சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சிகிச்சையின் பலன் கூடும். அப்புறம், மார்பகக் கொழுப்பில் தண்ணீர் குறைவு, கட்டியில் அதிகம், அதனால் அங்கே கட்டிதான் மைக்ரோவேவை அதிகம் உறிஞ்சும்.

நாகப்பட்டினம் ஐயா: வீட்டுக்கு எதிரே செல்போன் டவர் தம்பி. அந்த அலையால் புற்றுநோய் வருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் செல்போன், டவர் போன்றவற்றிலிருந்து வரும் ரேடியோ அலைகளை '2பி' பட்டியலில் வைத்தது. 'காரணமாக இருக்கக்கூடும், ஆதாரம் போதாது' என்ற வகை. பயந்து வீடு மாற வேண்டாம் ஐயா.

பாபநாசம் அக்கா: புற்று செல்லை மட்டும் கொல்லும் அலை மெஷின் என்று ஒருவர் விற்கிறார், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமாம்.

வாங்காதீர்கள் அக்கா. உள்ளே எத்தனை டிகிரி என்று அளக்காமல் சூடு கொடுத்தால் தோல்தான் வெந்துபோகும், கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.