ஏ.சி. போட்டதும் ஈர வாடை: காயிலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறேன். வியாபாரத்துக்காக வாராவாரம் புனலூர் போய் வருகிறேன். கார் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. சாரல் தொடங்கியதிலிருந்து ஏ.சி. போட்ட உடனே, நனைந்த துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடுகிறது. புனலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ‘கிருமிநீக்கம்’ என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டிக்குள் புகை அடித்துக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் வாடை திரும்பிவிட்டது. இப்போது கூலிங் காயிலையே மாற்ற வேண்டும், 16,000 ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். வாடைக்காக மட்டும் காயிலை மாற்றாதீர்கள். காயிலில் ஓட்டை விழுந்து கேஸ் கசிந்தால்தான் அதை மாற்ற வேண்டும். அப்படிக் கசிந்தால் குளிர்ச்சி குறையும். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கசிவு இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் காட்டச் சொல்லுங்கள். சாயம் ஏற்றிப் புற ஊதா (UV) விளக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். காயிலை எடுக்கப் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். கழற்றி மாட்டிய பிறகு, அதுவரை இல்லாத கடகடச் சத்தம் வருவதும் உண்டு.

வாடைக்குக் காரணம் ஈரம். ஏ.சி. ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் நீராகப் படிந்து, ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். வண்டியை நிறுத்தும்போது மிச்ச ஈரம் காயிலிலேயே தங்கும். தூசியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அது போதும். புனலூர் போகும் வழியில் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு தாண்டும் வரை மழை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்காற்றே சுற்றும் பொத்தானைப் போட்டுக்கொண்டு போகிறோம். நனைந்த செருப்பு, குடை, மிதியடி எல்லாவற்றின் ஈரமும் உள்ளேயே சுற்றுகிறது. புகை அடித்தால் சீட்டிலும் கூரையிலும் வாடை போகும். காயிலின் இடுக்கில் ஒட்டியிருக்கும் அழுக்கு அப்படியே இருக்கும். அதனால்தான் திரும்பி வந்திருக்கிறது.

முதலில், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இடதுபக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரு பக்கமும் உள்பக்கமாக அமுக்கினால் முழுதாகக் கீழே இறங்கும். பின்னால் தெரியும் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவ வேண்டும். மலைப்பாதையில் ஓடும் வண்டி என்பதால் மடிப்புகளுக்குள் இலைத் துணுக்கும் கறுத்த ஈரமும் இருக்கலாம். கழுவிப் போடாமல் புதிதே வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அதன் மேலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். சில கார்களின் ஆரம்ப மாடலில் ஃபில்டரே வைக்காமல் இடம் மட்டும் விட்டிருப்பார்கள். அப்படியென்றால் ஒன்று வாங்கிப் போடுங்கள். முன் கண்ணாடிக்கு அடியில் வைப்பர் பக்கம் சேரும் சருகையும் அள்ளிவிடுங்கள், வெளிக்காற்று உள்ளே வரும் வழி அதுதான்.

அப்புறம் தண்ணீர்க் குழாய். பத்துப் பதினைந்து நிமிடம் ஏ.சி. ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். விழாமல் இடதுபக்க மிதியடிக்கு அடியில் கார்பெட் நனைந்திருந்தால் குழாய் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இதற்கு மேலும் வாடை இருந்தால், காயிலின் மீதே படும்படி நுரை கிளீனர் அடிக்க வேண்டும். டேஷ்போர்டில் காற்று வரும் துவாரத்தில் அடித்தால் போதாது. ஃபில்டரைக் கழற்றிய இடத்தின் வழியாகவோ புளோயரை (காற்றைத் தள்ளும் ஃபேனை) இறக்கியோ அடிக்கச் சொல்லுங்கள். பிளீச்சிங் கரைசல் மட்டும் கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். வாசனை ஜெல்லுக்கும் காசு செலவழிக்காதீர்கள். வீடு வர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டு, வெளிக்காற்றில் ஃபேனை மட்டும் வேகமாக ஓட்டுங்கள். காயில் ஓரளவு உலரும். பணம் செலவில்லாத இந்தப் பழக்கத்தை எந்த ஒர்க்‌ஷாப்பும் சொல்லித் தருவதில்லை என்பது என் ஆதங்கம்.

கொடுத்த 1,500 ரூபாய்க்குப் பில் இருக்கிறதா? இருந்தால் வேலையை மறுபடி செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஒர்க்‌ஷாப் கேரளத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; முந்தைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. எல்லையோரம் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

கேள்வி: களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். கேரளப் பதிவெண் உள்ள பழைய கார் ஒன்று மலிவாக வருகிறது. உள்ளே லேசாக ஈர வாடை. ‘ஏ.சி. ஃபில்டர்தான், மாற்றினால் சரியாகிவிடும்’ என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: ஏ.சி.யைப் போடாமல், கதவைத் திறந்த உடனேயே வாடை வந்தால் ஃபில்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளையும் பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி அடியில் விரல் வைத்துப் பாருங்கள். சேறோ, வண்டியின் வயதுக்கு மீறிய துருவோ இருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒயரிங் எப்போது காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது.