கிளட்ச் ஹார்டா இருக்கு, வாரண்டி கிடையாதுங்கறாங்க, என்ன பண்றது?

திண்டுக்கல்லேருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. சின்ன கார், புதுசா மதுரை ஷோரூம்ல வாங்கி 14 மாசம் ஆச்சு, 16,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, ரெண்டு வருஷ வாரண்டி. நாலு மாசமா கிளட்ச் மிதிக்க மிதிக்க ஹார்டாகி இப்ப இடது முட்டி வலியில தூக்கமே இல்லையாம். சர்வீஸ்ல கேட்டா "நீங்க ஆஃப் கிளட்ச்ல (பெடல்ல பாதி கால் வச்சபடியே) ஓட்டுறீங்க மேடம், கிளட்ச் பிளேட் தேஞ்சிருச்சு, அது வாரண்டில வராது"ன்னு கிளட்ச் செட்டையே மாத்த எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. வீட்லயே என்ன கோளாறுன்னு பாக்க முடியுமா, கேஸ் போடலாமான்னு கேள்வி.

மேடம், முதல்ல ஒண்ணு கேக்குறேன், கியர்பாக்ஸ கழட்டாம பிளேட் தேஞ்சிருச்சுன்னு அவங்களுக்கு எப்படி தெரிஞ்சுது? உங்க கேஸே இந்த இடத்துலதான் இருக்கு. தேய்மானம்னு பிளேட்ட வாரண்டிலேருந்து ஒதுக்கி வைக்கிறது வழக்கம்தான், ஆனா பெடல் ஹார்டாகுறதுக்கு பிளேட் மட்டும் காரணம் இல்ல, கேபிள் உள்ள இழை பிரிஞ்சிருக்கலாம், பெடல் திரும்புற இடத்துல இருக்குற புஷ் காஞ்சிருக்கலாம், கேபிள் இழுக்கும்போது கிளட்ச்ச விடுவிக்கிற ரிலீஸ் ஃபோர்க்கோட ஷாஃப்ட் துருப்பிடிச்சு இறுகியிருக்கலாம், கிளட்ச் பிளேட்ட ஸ்பிரிங்கால அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டே கோளாறா இருக்கலாம். வாரண்டி புக்க எடுத்து விதிவிலக்குல என்னென்ன பேர் இருக்குன்னு வரி வரியா படிங்க, அதுல இல்லாத பார்ட்டுல கோளாறுன்னா அவங்க பதில் சொல்லியே ஆகணும்.

வீட்ல பாக்கலாம், ஆனா ஒரு நட்டு கூட கழட்டாதீங்க, கழட்டுனா "வெளிய கை வச்சிருக்காங்க"ன்னு சொல்லி தப்பிச்சிருவாங்க. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு மொதல்ல ஃப்ளோர் மேட் பெடல்ல இடிக்குதான்னு பாருங்க. அப்புறம் குனிஞ்சு கையாலயே பெடல மெதுவா அமுக்கி மெதுவா விடுங்க. அமுக்கும்போது கறகறன்னு உரசி, விடும்போது பெடல் சோம்பலா மேல வந்தா உராய்வு எங்கயோ இருக்கு, அதாவது கேபிள், புஷ், ஃபோர்க் பக்கம் சந்தேகம். அமுக்கவும் கஷ்டம், விட்டா கைய வேகமா தள்ளிக்கிட்டு வருதுன்னா பிரஷர் பிளேட் பக்கம். அடுத்து ஒருத்தர் மிதிக்க இன்னொருத்தர் பானெட்ட தூக்கி கேபிள் கியர்பாக்ஸ்ல சேர்ற இடத்த பாக்கணும், லிவர் வழுவழுன்னு நகருதா இல்ல தடுக்கி தடுக்கி வருதா, கேபிள் வளைவுல உறை வெடிச்சிருக்கான்னு. நான் நடத்துன ஒரு கேஸ்ல பெடல் பக்கத்து முனையில கேபிள் இழை நாலஞ்சு அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அதையும் பிளேட்டுன்னுதான் சொல்லியிருந்தாங்க. ரோட்டுல நாலாவது கியர்ல ஆக்சிலேட்டர் குடுக்கும்போது இஞ்சின் மட்டும் கத்தி வேகம் ஏறலைன்னா பிளேட் ஸ்லிப் ஆகுது. ஸ்லிப் இல்லைங்கறதால பிளேட் நல்லா இருக்குன்னு அடிச்சு சொல்ல முடியாது, தேஞ்சுக்கிட்டு வர்ற பிளேட்டும் பெடல ஹார்டாக்கும். எல்லாத்தையும் தேதி தெரியுற மாதிரி வீடியோ எடுங்க, போன்லேருந்து அத அழிச்சிராதீங்க.

இப்ப சட்டம். சர்வீஸ்ல மறுபடி விடும்போது ஜாப் கார்டுல (வண்டிய விடும்போது புகார எழுதுற சீட்டு) "கிளட்ச் ஹார்டு"ன்னு எழுத வைங்க, "ஜெனரல் செக்கப்"ன்னு எழுதுனா கையெழுத்து போடாதீங்க. வாரண்டி ஏன் இல்லைன்னு எழுத்துல கேளுங்க. கழட்டும்போது நான் நேர்ல இருக்கணும், பிளேட் தடிமன என் முன்னாடி அளக்கணும், பழைய பார்ட்ஸ என்கிட்ட குடுக்கணும்னு மெயில்லயே சொல்லிருங்க. பழைய பார்ட் காயலான் கடைக்கு போயிருச்சுன்னா சாட்சியும் அதோட போச்சு. அவசரத்துக்கு காசு கட்டித்தான் ஆகணும்னா பில்லுல "ஆட்சேபணையோட கட்டுறேன்"னு எழுதி கட்டுங்க.

அதுக்கும் மசியலைன்னா டீலருக்கும் கார் கம்பெனிக்கும் சேர்த்து நோட்டீஸ். கூடவே தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் பதியலாம், சில சமயம் அதுலயே இறங்கி வந்துருவாங்க. இல்லைன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு, வாங்குனது மதுரையா இருந்தாலும் நீங்க குடியிருக்குற திண்டுக்கல்லயே போடலாம், 34வது பிரிவு அதுக்கு இடம் குடுக்குது. காருக்கு குடுத்த விலை அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸே இல்ல, அஞ்சுக்கு மேல பத்து வரைக்கும் 200 ரூபாதான். இ-ஜாக்ரிதிங்கற நுகர்வோர் ஆணைய வெப்சைட்ல ஆன்லைன்லயும் போடலாம். பிரச்சனை ஆரம்பிச்சதுலேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுறணும். கோளாறு எதுலன்னு ரெண்டு தரப்பும் மல்லுக்கு நின்னா 38வது பிரிவுப்படி ஆணையமே லேப் சோதனைக்கு அனுப்பலாம், அதையும் மனுவுலயே கேட்டுருங்க.

புது கார் குடுன்னு மட்டும் கேக்காதீங்க, மனசு கொதிக்கிறது புரியுது, ஆனா 2006ல உச்ச நீதிமன்றம் ஒரு கார் கேஸ்ல வாரண்டி பார்ட்ட சரி பண்ணவோ மாத்தவோதான், கார மாத்த இல்லைன்னு சொல்லியிருக்கு. இலவசமா மாத்திக் குடு, கட்டுன காச திருப்பிக் குடு, முட்டி வலிக்கும் அலைச்சலுக்கும் நஷ்டஈடு குடு, இப்படி கேளுங்க. ஆர்த்தோ டாக்டர் சீட்டு இருந்தா அதையும் சேருங்க.

வாரண்டி இன்னும் பத்து மாசம் இருக்குன்னு விட்டுறாதீங்க மேடம், கிளட்ச் ஹார்டுன்னு இன்னைக்கு ராத்திரியே டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு மெயில் தட்டிருங்க, மத்தத நாளைக்கு பாத்துக்கலாம்.