கேளுங்கள், சொல்கிறேன்: கூரை இல்லாத மடாலயம்

மகள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் படிக்கிறாள். பக்கத்தில் ஃபவுண்டன்ஸ் அபே என்று ஓர் இடிந்த மடாலயம் இருக்கிறதாம். இடிபாட்டைப் பார்க்க ஒரு நாளைச் செலவழிக்கலாமா? எனக்கு முழங்கால் வலி வேறு. (வாசகி, திருநெல்வேலி)

தாராளமாகப் போகலாம். லீட்ஸிலிருந்து 36-ஆம் எண் பஸ் ஹாரகேட் வழியாக ரிப்பன் வரை போகும், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்தக் கடைசித் துண்டுக்கு பஸ் கம்மி, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டாக்ஸி. காரில் போனால் மேற்கு வாசலுக்குப் போங்கள், அங்கிருந்து மடாலயம் கிட்டத்தில். பார்வையாளர் மையத்திலிருந்து இறங்கும் பாதை செங்குத்து, உங்கள் முழங்காலுக்கு ஆகாது. ஸ்கெல் ஆற்றோரப் பாதை கிட்டத்தட்ட சமதளம்.

உள்ளே போனதும் எல்லோரும் ஹூபி என்ற மடத் தலைவர் கட்டிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நான் சொல்வது, நேராக செல்லாரியம் என்ற கிடங்குக்குப் போங்கள். சுமார் 300 அடி நீளம், தலைக்கு மேலே கல் வளைவுகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. கீழே கிடங்கு, மேலே மடத்தின் வேலைகளைச் செய்த சகோதரர்களின் படுக்கைக்கூடம். ஆட்டு ரோமத்தில் சம்பாதித்த மடம் அது, எவ்வளவு பெரிய தொழில் நடந்திருக்கும் என்பது இங்கே நின்றால்தான் உறைக்கும்.

உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்ததா? (வாசகர், சேலம்)

இல்லை, அதற்கு 400 வருடம் முன்பே அரசாங்கம் கூரையைப் பிரித்துவிட்டது! 1132-இல், யார்க் நகரில் இருந்த மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று சண்டை போட்டு வெளியேறிய 13 துறவிகள் தொடங்கிய மடம் இது. மன்னர் எட்டாம் ஹென்றி போப்போடு முறித்துக்கொண்டு, நாட்டிலிருந்த ஏறக்குறைய 800 மடங்களை மூடியபோது, 1539-இல் இதுவும் போனது. கூரையில் இருந்த ஈயம் காசு, அதை உரித்து உருக்கினார்கள். கூரை போனால் மழை உள்ளே, அப்புறம் சுவர் எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, பிறகு வந்த ஒரு சொந்தக்காரர் இங்கிருந்த கல்லை எடுத்துப் பக்கத்திலேயே ஃபவுண்டன்ஸ் ஹால் என்று மாளிகை கட்டிக்கொண்டார். அதுவும் அழகான மாளிகைதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவ்வளவு பணக்கார நாடு, திரும்பக் கட்டிக் கூரை போட்டால் என்ன? (வாசகர், கோவை)

எந்தக் காலத்து மடாலயத்தைக் கட்டுவது? நானூறு வருடத்தில் அங்கே மாற்றிக் கட்டாத பகுதி குறைவு. இல்லாததை ஊகித்துக் கட்டினால் பழசு எது, நம் கற்பனை எது என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. இடிந்து நிற்பதுக்கே ஒரு வரலாறு இருக்கிறது: 1767-இல் வில்லியம் எய்ஸ்லபி இந்த இடிபாட்டை விலைக்கு வாங்கியதே, தன் அப்பா பக்கத்தில் அமைத்த ஸ்டட்லி ராயல் நீர்த்தோட்டத்தில் நடந்து வருகிறவர்களுக்குக் கடைசிக் காட்சியாக இது தெரியட்டும் என்றுதான். 1986-இல் யுனெஸ்கோ தோட்டத்தையும் மடத்தையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

அதனால் இங்கே பராமரிப்பு என்றால் பெரும்பாலும் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது. சுவரின் மேல்பக்கம் திறந்து கிடப்பதால் மழை உள்ளே இறங்கும், குளிரில் உறைந்து விரியும், கல் பிளக்கும். பழைய சுவருக்கு சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லையே தின்னும், ஆகவே சுண்ணாம்புச் சாந்துதான். ஆறு வேறு, வெள்ளம் வந்தால் தோட்டத்துக் குளங்களில் வண்டல் ரொம்பிவிடும். அதற்காக ஆற்றின் மேல்பகுதி விவசாயிகளோடு சேர்ந்து மரம் நடுகிறார்கள், குட்டை வெட்டுகிறார்கள். சாரம் கட்டும் முன் இடுக்குகளில் வௌவால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

ஞாபகத்துக்கு ஒரு சின்னக் கல் எடுத்து வரலாமா? (வாசகி, காரைக்குடி)

கூடாது. குற்றம். கடையில் அஞ்சலட்டை விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.