மேனர் என்றால் மாளிகையா?

(பழைய இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றி ஒரே நேரத்தில் இத்தனை கடிதம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. மழைக்காலம், எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ஒரே சீரியலைப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது.)

பழைய இங்கிலாந்துக் கதைகளில் 'மேனர்' என்று வருகிறதே, பெரிய பங்களாதானே அது? (வாசகி, தஞ்சாவூர்)

நீங்கள் பார்த்த பங்களா மேனர் ஹவுஸ். மேனர் என்பது ஒரு பிரபுவுக்குக் குறிப்பிட்ட நிலத்தின் மீதும் அதில் இருந்தவர்கள் மீதும் இருந்த உரிமைகள் எல்லாம் சேர்ந்தது. பிரபு தனக்கென்று வைத்துக்கொண்ட சொந்தப் பண்ணை, குடியானவர்கள் பயிரிட்ட நிலம், மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் விட்ட பொது நிலம், இவற்றோடு தகராறு தீர்க்க ஒரு கோர்ட், எல்லாம் அதில் அடக்கம். அடிமைக் குடியானவன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும், அவன் செத்துப்போனால் கொட்டிலில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபுவின் ஆள் வந்து அவிழ்த்துக்கொண்டு போவான். எழவு வீட்டில்!

அப்படியானால் நிலம் உண்மையில் யாருக்குச் சொந்தம்? (வாசகர், திருச்சி)

அரசருக்கு. இன்றைக்கும்தான். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து ஜெயித்த வில்லியம், இங்கிலாந்து மொத்தமும் தன்னுடையது என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், அவர்கள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டர் நகரில் உத்தரவு போட்டு, அடுத்த வருஷமே ஊர் ஊராகக் கணக்கெடுத்து முடித்தார்கள். அதுதான் டோம்ஸ்டே புத்தகம். வில்லியமுக்கு முன்பு ஆண்ட எட்வர்ட் ராஜா காலத்தில் இது யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம், எத்தனை ஏர், எத்தனை குடியானவன், எத்தனை அடிமை, எத்தனை மாவு அரைக்கும் ஆலை என்று வரிசையாகக் கேள்விகள். ஒரு மாடு, ஒரு பன்றியைக்கூட விடவில்லை என்று அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கிற அந்தப் புத்தகம் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஃப்ரீஹோல்டாக, அதாவது காலவரம்பில்லாத முழு உரிமையோடு, வீடு வாங்குகிறவர்கூடச் சட்டப்படி அரசரின் கீழ் நிலத்தை வைத்திருப்பவர்தான். நடைமுறையில் யாரும் இதற்காகத் தூக்கம் கெடுவதில்லை.

உழுதவன் கையில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாதா? (வாசகர், மன்னார்குடி)

கிடைத்தது, ஆனால் அது ஒரு விசித்திரமான கதை. மேனர் கோர்ட்டில் நடப்பதையெல்லாம் தோல் சுருளில் எழுதி வைப்பார்கள். யார் அடிமைக்குடி, யார் என்ன பாக்கி என்பது எல்லாம் அதில்தான். 1348-49-ல் பிளேக் வந்து ஜனத்தொகையில் பாதி வரை வாரிக்கொண்டு போனபின் உழைக்க ஆளில்லாமல் கூலி ஏறியது, பிரபுக்கள் பழைய கணக்கைக் காட்டி மடக்கப் பார்த்தார்கள். 1381-ல் எசெக்ஸ், கென்ட் பக்கம் குடியானவர்கள் கிளம்பியபோது பல ஊர்களில் தேடித் தேடிக் கொளுத்தியது அந்தச் சுருள்களைத்தான். சரி, அதே சுருள் கொஞ்ச காலத்தில் அவர்களுக்கே பாதுகாப்பானது. நிலம் இன்னார் பெயரில் என்று சுருளில் ஏற்றி, அந்தப் பதிவின் நகலை அவரிடமே கொடுக்கும் வழக்கம் வந்தது. நகல் கையில் இருந்தால் பிரபு நினைத்தபடி வெளியேற்ற முடியாது. காப்பிஹோல்ட் என்ற பெயரே அதனால் வந்ததுதான். 1922-ல் போட்ட சட்டத்தால் 1926 ஜனவரி 1-ஆம் தேதி அது ஒழிந்தது.

மேனரும் பாரிஷும் ஒன்றா? (வாசகி, நாகர்கோவில்)

இல்லை. பாரிஷ் சர்ச்சின் எல்லை, மேனர் பிரபுவின் எல்லை. ஒரு பாரிஷில் மூன்று மேனர் இருக்கலாம், ஒரு மேனர் நாலு பாரிஷில் சிதறிக் கிடக்கலாம். பாரிஷ் வாங்கியது தசமபாகம், விளைச்சலில் பத்தில் ஒன்று. அதை வாங்குகிறவர் கோவிலின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பல ஊர்களில் மடங்கள் அதை வாங்கிக்கொண்டிருந்தன. எட்டாம் ஹென்றி 1536-40-ல் மடங்களைக் கலைத்துச் சொத்தை விற்றபோது, வாங்கியவர் தலையில் பழுதுபார்க்கும் கடமையும் சேர்ந்தே வந்தது. பழங்கதை என்று நினைக்காதீர்கள். வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ என்ற ஊரில், பெற்றோர் வழியாகப் பண்ணை வந்த ஒரு தம்பதிக்குச் சர்ச் சுமார் 95,000 பவுண்ட் பில் அனுப்பியது. வழக்கு அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2003-ல் சர்ச் ஜெயித்தது, செலவோடு சேர்ந்து கடைசியில் பண்ணையையே விற்க வேண்டி வந்தது. அந்த ஊர்ப்பக்கம் நிலம் வாங்கும் உறவுக்காரர் யாராவது இருந்தால் வில்லங்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

பொது நிலம் எல்லாம் எங்கே போனது? (வாசகர், ஈரோடு)

வேலிக்குள் போனது. 1604-லிருந்து 1914 வரை பார்லிமென்ட் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு 68 லட்சம் ஏக்கரை அடைத்தது, அதாவது இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்கு. சம்மதம் கேட்கும்போது தலையை எண்ணவில்லை, யாரிடம் எவ்வளவு நிலம் என்று பார்த்தார்கள். நகல் வைத்திருந்தவருக்கு ஒரு துண்டு ஒதுக்கினார்கள். பாட்டன் காலத்திலிருந்து ஒரு பசுவை ஓட்டிப்போய் மேய்த்துக்கொண்டிருந்த கூலிக்காரனிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை, அவனுக்கு ஒன்றும் இல்லை. விளைச்சல் கூடியது என்று சொல்வார்கள், கூடியிருக்கலாம், அந்தப் பசு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

தப்பித்த ஊரும் உண்டு. நாட்டிங்கம்‌ஷயரில் லாக்ஸ்டன். அங்கே இன்னும் வேலியில்லாத மூன்று பெரிய வயல்கள், அதில் ஆளுக்குக் கொஞ்சம் பட்டை பட்டையாக நிலம். நவம்பர் கடைசியில் ஊர் ஜூரி டிராக்டர் வண்டியில் ஏறிப்போய் எல்லையைச் சரிபார்த்து முளை அடிக்கும். புல்வரப்பைத் தாண்டி உழுதவருக்கு அடுத்த வாரம் கோர்ட் கூடி அபராதம் போடும். 1952-ல் அரசு வாங்கிய அந்த நிலம் 2020-ல் பழைய பிரபுக் குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிப் போனது.

நம் ஜமீன்தாரி அங்கிருந்து வந்ததுதானா? (வாசகர், சிவகங்கை)

ஜமீன்தார் என்ற ஆள் முன்பே இருந்தார், வரி வசூலிப்பவராக. அவரை நிலச்சொந்தக்காரராக்கினால் இங்கிலாந்துப் பிரபு மாதிரி நிலத்தைச் சீர்திருத்துவார் என்று 1793-ல் வங்காளத்தில் நம்பியவர் கார்ன்வாலிஸ். 1802-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உங்கள் ஊர்க்காரருக்கு மீதிக் கதையை நான் சொல்ல வேண்டுமா?

'லார்ட் ஆஃப் தி மேனர்' பட்டத்தை விலைக்கு வாங்கலாமாமே? (வாசகர், கோவை)

வாங்கலாம், ஏலத்துக்கு வருகிறது. பெரும்பாலும் கூட ஒரு சென்ட் நிலமும் வராது, பிரபுக்கள் சபையில் நாற்காலியும் கிடையாது, பெயருக்கு முன்னால் 'லார்ட்' போட்டுக்கொள்ளவும் முடியாது. விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்.