மோல் கணக்குக்குத் தனி வகுப்பு தேவையா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நீட் எழுதப்போகிறாள். வேதியியல் தியரியில் நல்ல மார்க் எடுக்கிறாள். மோல் கணக்கு வந்தால் விட்டுவிடுகிறாள். கோச்சிங் மையத்தில் ‘ஷார்ட்கட் ஃபார்முலா’ வகுப்புக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்ட வேண்டாம். ஃபார்முலா தெரியாமல் மோல் கணக்கில் தப்பு வருவதில்லை. கிராமை மூலக்கூறு நிறையால் வகுத்து மோலாக மாற்றாமல், வேதிச் சமன்பாட்டை எழுதாமல், விடைக்குத் தாவுவதால்தான் வருகிறது.

2023 நீட்டில் கேட்ட கணக்கையே பாருங்கள். 20 சதவீதம் தூய்மையான சுண்ணாம்புக்கல் 20 கிராமைச் சூடாக்கினால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்? அந்த 20 கிராமில் கால்சியம் கார்பனேட் 4 கிராம்தான். அதன் மூலக்கூறு நிறை 100, ஆக 0.04 மோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு ஒரு மோல் வாயு. கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44; 0.04-ஐ 44-ஆல் பெருக்கினால் 1.76 கிராம். இதில் ஷார்ட்கட்டுக்கு எங்கே இடம்? ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, இரண்டு 20-ல் எதை எங்கே போடுவது என்று அங்கேயே நின்றுவிடும்.

ஷார்ட்கட் வகுப்புகளில் அதிகம் கெடுக்கப்படுவது, ஒரு மோலின் கன அளவு என்று சொல்லித்தரும் 22.4 லிட்டர். அது வாயுவுக்கு மட்டும். அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 அட்மாஸ்பியர் அழுத்தத்தில். அழுத்தம் 1 பார் என்றால் 22.7. அறை வெப்பநிலை 25 டிகிரி, 1 அட்மாஸ்பியர் என்றால் சுமார் 24.5. 18 கிராம் தண்ணீரும் ஒரு மோல்தான், ஆனால் அதன் கன அளவு 18 மில்லிலிட்டர்! கேள்வியில் ‘லிட்டர்’ என்று பார்த்ததும் 22.4-ஆல் வகுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வாயுவா, வெப்பநிலை என்ன, அழுத்தம் என்ன என்று பார்த்த பிறகுதான் அந்த எண்ணைத் தொட வேண்டும்.

அப்புறம், மெட்டீரியல் விற்பவர்களிடம் ஜாக்கிரதை. 2024 நீட் பாடத்திட்டத்திலேயே திடநிலை, புறப்பரப்பு வேதியியல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகத்துக்குப் புது அட்டை போட்டு, திடநிலைப் பாடத்தின் அலகுக்கூடு அடர்த்திக் கணக்குகளைப் பக்கம் பக்கமாகத் தலையில் கட்டுகிறார்கள். பாடத்திட்டம் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாநிலப் பாடநூலில் திடநிலை இருப்பதால் பொதுத்தேர்வுக்கு மட்டும் படிக்கட்டும்.

புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒப்பித்தால் மார்க் என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, தவறான விடைக்கு ஒரு மார்க் பிடிக்கும் தேர்வில், கால்குலேட்டரும் இல்லாமல் உட்கார வைக்கிறோம். பயம் வராமல் என்ன செய்யும்? உங்கள் மகள் மேல் குறையே இல்லை.

என்சிஇஆர்டி 11-ஆம் வகுப்பு வேதியியலின் முதல் பாடக் கணக்குகளை விடையைப் பார்க்காமல் போடட்டும், தினம் ஐந்து போதும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதச் சொல்லுங்கள். அது முடிந்ததும் பழைய நீட் வினாத்தாள்களில் உள்ள மோல் கணக்குகளை மட்டும் எடுத்துப் போடட்டும். அதற்குப் பிறகும் ஓரிடத்தில் சிக்கினால், பள்ளி ஆசிரியரிடம் அந்தக் கணக்கோடு போய்க் கேட்கட்டும்.