வேலை வழிகாட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடியாத்தத்தைச் சேர்ந்த நான், வேலூருக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். அப்பா கைத்தறி நெசவாளர். இந்தக் கோடை விடுமுறையில் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மூன்று வாரமாகியும் புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை. யாரோ எழுதிய பழைய நிரலைப் படித்துச் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தவே சொல்கிறார்கள். நான் அனுப்பிய முதல் திருத்தம், மூத்தவர்கள் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவில் 27 குறிப்புகளோடு திரும்பி வந்தது. வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவள் நான். சந்தேகம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என அஞ்சி வாய் திறப்பதில்லை. சனிக்கிழமைதோறும் காட்பாடியில் இறங்கும்போது, திங்கட்கிழமை திரும்பிப் போகத்தான் வேண்டுமா என்று இருக்கிறது. பாதியில் விட்டுவிடலாமா?
— ஒரு மாணவி, குடியாத்தம்

பதில்: விட்டுவிடாதீர்கள். அந்த 27 குறிப்புகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாய் திறப்பதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவலை தருகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் வெற்றுத் திரையில் தொடங்கி, மூன்று மணி நேரத்தில் முடித்து, கையெழுத்து வாங்கிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். நிறுவனத்தில் இருக்கும் நிரலோ பல ஆண்டுகளாகப் பலர் எழுதியது. அவர்களில் பாதிப் பேர் இன்று அங்கே இருக்கவும் மாட்டார்கள். அனுபவம் மிக்க பொறியாளரும் எழுதுவதைவிடப் படிப்பதற்கே அதிக நேரம் செலவிடுகிறார். புதிதாக வருபவரிடம் பழைய நிரலைக் கொடுப்பது அவமதிப்பு என்றால், உங்கள் வீட்டில் தறியில் உட்கார வைக்கும் முன் குறுக்கு நூலைத் தார் சுற்றச் சொல்வதையும் அவமதிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று புரியாவிட்டால், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளின் வரலாற்றில் அந்த வரியை யார், எப்போது, என்ன குறிப்போடு சேர்த்தார் என்று பாருங்கள். பல நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும். அந்த கிட் மென்பொருளையே, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதினார். கெர்னலுக்கு வரும் திருத்தங்கள் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று எண் போட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பப்படுவது அங்கே அன்றாட வழக்கம். முதல் முறையே ஏற்கப்பட வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வாய் திறக்காததன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். நான் பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில், கிராமத்துப் பால் கொள்முதல் நிலையங்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்று இருந்தது. விடிகாலை ஐந்தரை மணிக்கு முன் ஊற்றிய பால் முந்தைய நாள் கணக்கில் விழுகிறது என்று புகார் வந்தது. தரவுத்தளத்தில் நேரம் உலகப் பொது நேரமாகப் பதிவாகிறது, நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே ஐந்து மணிக்கு ஊற்றிய பால் அங்கே முந்தைய நாள் இரவு பதினொன்றரை ஆகிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த பெருமிதத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், பதிவு செய்யும் இடத்திலேயே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டேன். திரையில் காட்டும் பகுதி ஏற்கெனவே ஒரு முறை கூட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. விளைவு, காலை 5.10-க்கு ஊற்றிய பால் திரையில் 10.40 என்று வந்தது. மாலை ஆறரைக்குப் பின் ஊற்றியதெல்லாம் மறுநாளுக்குத் தாவியது. நல்லவேளையாக ரிவ்யூ செய்த அண்ணன் பிடித்துவிட்டார். பதிவை அப்படியே விட்டுவிட்டு, நாள் கணக்கு போடத் தரவுத்தளத்திடம் கேட்கும் அந்த ஒரு வினவலில் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றினால் போதும் என்றார். நான்கு நாள் வேலை, இரண்டு வரியில் முடிந்தது. "நேரத்தை எங்கே மாற்றுகிறோம் என்று முதல் நாளே கேட்டிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பாருங்கள். பிறகு 'இதைச் செய்ய நினைத்தேன், இன்னின்ன முயன்றேன், இந்தப் பிழைச்செய்தி வந்தது' என்று மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள். எழுதும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுவதை நீங்களே காண்பீர்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்க நேராதபடி விடையை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வருவதென்றால் இரண்டாம் முறைக்குத்தான் வரும். அந்த 27 குறிப்புகளையும் ஒருமுறை வகை பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை மாறியின் பெயர், விடுபட்ட டெஸ்ட், தேவையற்ற இடைவெளி என்றுதான் இருக்கும். உண்மையான தவறைச் சுட்டுபவை நான்கைந்து இருக்கலாம். அவற்றை எழுதியவரிடமே போய்ப் பேசுங்கள். உட்கார்ந்து 27 குறிப்பு எழுதியவர் உங்கள் நிரலை வரி வரியாகப் படித்திருக்கிறார். எதுவும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கேள்வி: என் மகன் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறான். இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு 6,000 ரூபாய் கட்டினால் சான்றிதழ் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கட்டலாமா?
— தோல் தொழிற்சாலைப் பணியாளர், ஆம்பூர்

பதில்: பணம் கட்டிப் பெறுவதற்குப் பயிற்சி வகுப்பு என்று பெயர்; அதை இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் விற்கிறார்கள். வகுப்புதான் வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் என்னென்ன பாடங்கள் உள்ளன என்று மகனை முதலில் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: என் நிரலை யார் படித்துத் திருத்துவார்? நான் செய்யும் வேலையை எந்த வாடிக்கையாளர் பயன்படுத்துவார்? இரண்டுக்கும் 'சான்றிதழ் உறுதி' என்பதே பதிலாக வந்தால் பணத்தைக் கட்ட வேண்டாம்.